மஞ்சள் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்: குடிநீரில் குரோமியம்-6

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வேலையில் இறங்கினால், சில வாரங்களில் உங்கள் கையில் மூன்று தாள்கள் சேர்ந்திருக்கும். உங்கள் தெருவின் வரைபடம் ஒன்று. ஆய்வக அறிக்கை ஒன்று. எந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்ட ஒரு சீட்டு. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பில் இந்த மூன்றில் இல்லை. பெரும்பாலோர் அந்தப் பில்லில்தான் தொடங்குகிறார்கள். கடைக்குப் போனால் அண்ணாச்சி அரைமணி நேரத்தில் ஏதாவது ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார். உங்கள் போர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கப் போவதில்லை; கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்காது. பதிலைத் தேடுவதுதான் முதல் வேலை.

தேவையான அளவு வேதியியல்

குரோமியம் தண்ணீரில் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வரும். பள்ளிப் பாடத்து இணைதிறன் கணக்கில் ஒன்று மூன்று, மற்றது ஆறு. குரோமியம்-3 மண்ணில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். குரோமியம்-6 தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். கேடு பெரும்பாலும் இரண்டாவதில். காற்றில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உறுதியானதால், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. குடிநீர் வழியாக என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2008-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது: அதிக அளவு கலந்த நீரைக் குடித்த எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன.

நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றுதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காவிட்டால் இதுவரை போகலாம் என்று கடினத்தன்மைக்கும் குளோரைடுக்கும் கொடுத்திருக்கும் சலுகை, குரோமியத்துக்குக் கிடையாது. கலிபோர்னியா மாநிலம் குரோமியம்-6-க்கு என்றே தனியாக 0.01 மில்லிகிராம் என ஒரு வரம்பை 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ராணிப்பேட்டை சொல்லும் இரண்டு விஷயங்கள்

தமிழ்நாட்டில் குரோமியம் என்றால் ராணிப்பேட்டைதான். அங்குள்ள சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1970-களின் நடுவில் தொடங்கி, சோடியம் டைகுரோமேட் முதலிய ரசாயனங்களைத் தயாரித்து, 1995-ல் மூடப்பட்டது. ஆலை போனது, சுமார் 2 லட்சம் டன் கழிவு திறந்தவெளியில் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் அதன் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் கெட்டது. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கழித்தும் கசிவு நிற்கவில்லை.

முதல் விஷயம்: இன்று பூட்டிக் கிடக்கும் இடத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இரண்டாவது, பலர் தவறவிடுவது: தோல் பதனிடும் தொட்டியில் ஊற்றுவது பெரும்பாலும் குரோமியம்-3 உப்பு. அந்த உப்புக்கு மூலப்பொருளான டைகுரோமேட்டைத் தயாரித்த இடத்தில்தான் குரோமியம்-6 மலையாகக் குவிந்தது. ஆகவே ‘எங்கள் ஊரில் தோல் ஷாப் இல்லையே’ என்று நிம்மதி கொள்வது சரியல்ல. கலிபோர்னியாவின் ஹிங்க்லி ஊரில் எரிவாயுக் குழாய் நிலையம் ஒன்று 1952 முதல் 1966 வரை குளிர்விப்புக் கோபுரத்தில் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமேட் சேர்த்து, கழிவுநீரைத் தளமிடாத குட்டைகளில் விட்டது. கிணறுகள் கெட்டன. 1996-ல் 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். எரின் பிராக்கோவிச் படத்தின் கதை இதுதான். அங்கே தோலும் இல்லை, சாயமும் இல்லை.

பாளையில் இது உங்களுக்குத் தேவையா?

தேவையில்லாதவர்களே அதிகம். பாளையங்கோட்டையில் குடிநீரைப் பற்றிய முதல் கவலை கிருமி, அடுத்தது போர் தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும். குரோமியம் அதற்குப் பின்னால்தான். அந்த வரிசையை மாற்றி, கொதிக்க வைப்பதை விட்டுவிட்டுக் குரோமியத்துக்குப் பயப்படுவது புத்திசாலித்தனம் இல்லை. கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது பொருந்தினால் மேலே படியுங்கள்:

- குடிக்கவோ சமைக்கவோ போர், அடிபம்பு, கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள். சுற்றுவட்டாரத்தில் முலாம் பட்டறையோ வேறு ரசாயன வேலையோ நடக்கிறது அல்லது முன்பு நடந்தது.
- தொழிற்பேட்டையை ஒட்டி மனை வாங்கி, புதிதாகப் போர் போடப் போகிறீர்கள்.
- லாரித் தண்ணீரோ பெயர் தெரியாத கேன் தண்ணீரோ வாங்குகிறீர்கள். அது எந்தப் போரிலிருந்து வருகிறது என்று விற்பவர் சொல்லமாட்டேன் என்கிறார்.
- 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததுபோல் ஒரு வெள்ளம் உங்கள் கிணற்றை மூடிவிட்டுப் போயிருக்கிறது.

குழாயில் ஆற்றுத் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டுக்காரர்கள் நேரே படி 7-க்குப் போகலாம்.

படி 1: தெருவை வரையுங்கள்

1. ஒரு முழுத் தாளில் உங்கள் வீட்டை நடுவில் வையுங்கள். சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் போர், கிணறு, அடிபம்பு, குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் குறியுங்கள். பாளையங்கால்வாய் பக்கம் என்றால் அதையும் கட்டாயம் வரையுங்கள். கால்வாயில் தண்ணீர் ஓடும்போது கிணற்று மட்டம் ஏறும். மாதிரி எடுக்கும் நாளைத் தீர்மானிக்க அது தேவைப்படும்.
2. குரோமியம் புழங்கும் தொழில்களைச் சிவப்பில் குறியுங்கள்: குரோம் முலாம் பட்டறை, அலுமினியத்துக்கு நிறமேற்றும் பட்டறை, தோல், சாயப் பட்டறை, மரத்துக்கு ரசாயனம் ஏற்றும் இடம், பழைய குளிர்விப்புக் கோபுரம். கல்லூரிகள் நிறைந்த ஊர் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்: டைகுரோமேட்டை வைத்துச் சோதனை செய்யும் வேதியியல் கூடங்களின் கழிவு எங்கே போகிறது என்று கேட்டு வையுங்கள். அளவு சிறியதுதான், ஆனால் கேள்வி நியாயமானது.
3. வயதானவர்களிடம் உட்காருங்கள். “ஆச்சி, இந்தக் காலி மனையில முன்னால என்ன இருந்துச்சு?” என்ற ஒரு கேள்வி, அலுவலகத்தில் கோப்பு தேடும் நேரத்தை மிச்சப்படுத்தும். மூடிய பட்டறைகளுக்குத் தனி நிறம்.
4. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். நிலத்தடி நீரும் பெரும்பாலும் அந்தச் சரிவையே பின்பற்றும். சிவப்புப் புள்ளி மேட்டிலும் உங்கள் போர் பள்ளத்திலும் இருந்தால், சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எச்சரிக்கை: வரைபடம் சந்தேகத்தைக் குறிக்கும் தாள், குற்றப்பத்திரிகை அல்ல. எண் கையில் வருவதற்கு முன் எந்தப் பட்டறைக்காரரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். பூட்டிய வளாகத்துக்குள் ஏறிக் குதித்து மண்ணையோ மஞ்சள் தூளையோ அள்ளுவது சட்டப்படியும் தவறு, உடம்புக்கும் ஆபத்து. அந்தத் தூசியைச் சுவாசிப்பது தண்ணீரைக் குடிப்பதைவிட மோசம்.

படி 2: எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூக்கும் நாக்கும் உதவாது. கண்ணும் அப்படித்தான். வெள்ளைப் பக்கெட்டில் தண்ணீர் மஞ்சளாகத் தெரிகிறது என்றால், அளவு வரம்பைத் தாண்டிப் பல மடங்கு ஏறிவிட்டது என்று பொருள். அதே சமயம், மஞ்சள் நிறம் எல்லாம் குரோமியமும் அல்ல. நம் போர்களில் இரும்புதான் அடிக்கடி அந்த வேலையைச் செய்யும். பிடித்து வைத்த தண்ணீரில் சிறிது நேரத்தில் செம்மண் நிறக் கசடு இறங்கினால் அது இரும்பு. குரோமியத்தின் மஞ்சள் கசடாக இறங்காது, தெளிவாகவே நிற்கும்.

டி.டி.எஸ். பேனா கரைந்த உப்பு மொத்தத்தைத்தான் காட்டும். ஆயிரம் என்று காட்டும் போரில் குரோமியம் துளிகூட இல்லாமல் இருக்கலாம். இருநூறு காட்டும் போரில் வரம்பைத் தாண்டி இருக்கலாம். ஊராட்சிகளில் தண்ணீர் பார்க்கப் பயன்படுத்தும் களச் சோதனைப் பெட்டி பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, புளூரைடு, இரும்பு, நைட்ரேட் போன்றவற்றுக்கு நல்லது. குரோமியம் பொதுவாக அதில் இல்லை. ‘பஞ்சாயத்துல சோதிச்சாச்சு, எல்லாம் சரி’ என்று யாராவது சொன்னால், எதையெல்லாம் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

இணையக் கடையில் விற்கும் நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டைகளுக்கு ஒரு சொல்: வாங்குமுன் பெட்டியின் மேல் அது உணரும் மிகக் குறைந்த அளவைப் படியுங்கள். முதல் வண்ணக் கட்டமே 0.05-க்கு மேலே தொடங்கினால், அந்தப் பட்டை நிறம் மாறாமல் இருப்பதில் ஒரு செய்தியும் இல்லை.

படி 3: ஆய்வகத்திடம் முதலில் பேசுங்கள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். தேசிய அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் மதுரையிலும் சென்னையிலும் உள்ளன. பாட்டிலோடு போய் நிற்காமல், முதலில் பேசி ஐந்து விஷயங்களைக் கேளுங்கள்:

1. மொத்தக் குரோமியம் இங்கேயே பார்க்கிறீர்களா, வேறு கூடத்துக்கு அனுப்புகிறீர்களா?
2. குரோமியம்-6 தனியாகப் பார்ப்பீர்களா?
3. நீங்கள் கண்டறியும் மிகக் குறைந்த அளவு எவ்வளவு?
4. உங்கள் அங்கீகாரப் பட்டியலில் ‘குடிநீர், குரோமியம்’ சேர்ந்திருக்கிறதா? (அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. வாசலில் முத்திரை இருப்பது மட்டும் போதாது.)
5. பாட்டில் நீங்கள் தருவீர்களா?

காசு மிச்சப்படுத்தும் குறிப்பு: எடுத்தவுடன் குரோமியம்-6 சோதனைக்குப் போகாதீர்கள். முதலில் மொத்தக் குரோமியம் பாருங்கள். ஆறு என்பது மொத்தத்தின் ஒரு பகுதி, மொத்தமே 0.01-க்குக் கீழே என்றால் ஆறு அதைத் தாண்ட வழியில்லை, வேலை அங்கேயே முடிந்தது. மொத்தத்துக்கான மாதிரியில் அமிலம் சேர்ப்பதால் மாதக்கணக்கில் கெடாது, அவசரமும் கிடையாது. மொத்தம் 0.01-ஐத் தாண்டினால் மட்டும் இரண்டாவது சோதனை. இந்த வரிசையை ஆய்வகங்கள் தாமாகச் சொல்வது அரிது.

படி 4: மாதிரி எடுப்பது

இங்கேதான் அதிகம் கெடுகிறது. ஆய்வகம் எவ்வளவு நல்லதானாலும், நீங்கள் கொடுத்த பாட்டிலுக்கு மேல் அது எதையும் சொல்ல முடியாது.

*எப்போது:* இரண்டு முறை எடுப்பது நல்லது. கோடையில் கால்வாய் அடைத்து நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும்போது ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசான நெல் பருவத்துக்குக் கால்வாய் ஓடி, மட்டம் ஏறிய தை மாதத்தில் இன்னொன்று. மழை மாசை நீர்க்கச் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். மேல் மண்ணில் காய்ந்து கிடந்த குரோமியம்-6-ஐ அதே மழைதான் கரைத்துக் கீழே இறக்குகிறது. ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் மழைக்குப் பிறகு எடுங்கள்.

*எங்கே:* போர் என்றால் மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாயில் எடுங்கள், மாடி சின்டெக்ஸிலிருந்து வேண்டாம். மாநகராட்சிக் குழாய் என்றால் வீட்டுக்குள் வரும் முதல் குழாயில். புதிதாகக் கட்டிய சிமென்ட் தரைத்தொட்டித் தண்ணீரை எடுக்கவே கூடாது. சிமென்டிலேயே சிறிதளவு குரோமியம்-6 உண்டு. புதுத்தொட்டியின் முதல் தண்ணீரில் அது கசியும். நிறைத்து வைத்துக் கொட்டிக் கழுவுவதைச் சில முறை செய்த பிறகு அந்தத் தொட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

*எப்படி, மொத்தக் குரோமியத்துக்கு:*

1. ஆய்வகம் தந்த பாட்டிலில் அடியில் கொஞ்சம் திரவம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நைட்ரிக் அமிலம். கையுறை போடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.
2. மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். பல நாள் ஓடாத போரை அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். கலங்கல் தண்ணீர் வேண்டவே வேண்டாம்: மண்துகளில் ஒட்டியிருக்கும் குரோமியத்தை அமிலம் கரைத்துவிட, இல்லாத மாசு இருப்பதாக அறிக்கை வரும்.
3. அமிலம் உள்ள பாட்டிலைக் கழுவாதீர்கள். கழுத்துவரை மட்டும் நிரப்பி, வழியவிடாமல் மூடுங்கள்.

*எப்படி, குரோமியம்-6-க்கு:*

1. ஆய்வகம் கொடுத்த வெறும் பிளாஸ்டிக் பாட்டில். அமிலம் கூடாது, சேர்த்தால் ஆறு மூன்றாக மாறிவிடலாம், அறிக்கை ‘எல்லாம் நலம்’ என்று பொய் சொல்லும்.
2. எடுக்கும் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்புங்கள். எவர்சில்வர் புனல், செம்பு, கரண்டி எதுவும் குறுக்கே வரக் கூடாது. எவர்சில்வரே குரோமியம் கலந்த உலோகம்தான்.
3. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சோதனை தொடங்கும்படி சேருங்கள். பதப்படுத்தும் திரவம் சேர்த்த பாட்டிலை ஆய்வகமே தந்தால் அவகாசம் கூடும். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.
4. போகும் ஆய்வகம் சென்னையில் என்றால் சாயங்காலம் எடுத்து, இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது கூரியரைவிட நம்பகமானது. வெள்ளி, சனி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மூடிய கதவுக்கு முன்னால் உங்கள் மாதிரி கெட்டுக்கொண்டிருக்கும்.

பாட்டில் மேல் தண்ணீரில் அழியாத மையால் இடம், போரின் ஆழம், தேதி, நேரம் எழுதுங்கள். ‘எங்க வீட்டுத் தண்ணி’ என்ற சீட்டு ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது.

வீட்டில் எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைக்கிறோமே என்ற பயம் வேண்டாம். அது உலோகக் குரோமியம். குடிக்கிற தண்ணீருக்குள் குரோமியம்-6 ஆக இறங்குவதில்லை. மாதிரி எடுக்கும்போதுதான் அந்த அளவுக்குக் கறாராக இருக்க வேண்டும்.

படி 5: அறிக்கையைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதும் 0.05 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. மைக்ரோவை மில்லியாகப் படித்துவிட்டுத் தெருவைக் கலவரப்படுத்தியவர்கள் உண்டு.

அடுத்து, ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்ற வரி. கண்டறியும் அளவு 0.001 என்றால் நல்ல செய்தி. 0.05 என்றால், வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

என் கணக்கு இப்படி:

- 0.01-க்குக் கீழே: விட்டுவிடுங்கள். பக்கத்தில் புதுப் பட்டறை வந்தாலோ வெள்ளம் வந்தாலோ மறுபடி பாருங்கள்.
- 0.01 முதல் 0.05 வரை: இந்திய வரம்புக்குள்தான். ஆனாலும் குரோமியம்-6 தனியாகப் பாருங்கள்; அடுத்த பருவத்திலும் ஒருமுறை. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க மட்டும் இப்போதே வேறு தண்ணீருக்கு மாறுவது நல்லது. சட்டம் கேட்காத எச்சரிக்கைதான், செலவும் அதிகமில்லை.
- 0.05-க்கு மேலே: படி 6, அன்றைக்கே. மறுசோதனைக்கு அனுப்புங்கள், ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து பழைய தண்ணீரையே குடிக்காதீர்கள்.

படி 6: வரம்பைத் தாண்டினால் அன்றைக்குச் செய்ய வேண்டியது

1. அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, அரிசி களைய, மாவு அரைக்க, குழந்தைக்குப் பால் கரைக்கப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குடிப்பதை மட்டும் மாற்றிவிட்டு, குழம்பும் ரசமும் பழைய தண்ணீரில் வைப்பது நான் அதிகம் பார்க்கும் தவறு.
2. ஆளுக்கு ஐந்து லிட்டர் போதும் குடிக்கவும் சமைக்கவும். நான்கு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர், ஒரு கேன். மாற்றுத் தண்ணீரை இந்த அளவுக்கு ஏற்பாடு செய்தால் போதும். முழு வீட்டுக்கும் தேடி மலைக்க வேண்டாம்.
3. வரம்பைக் கொஞ்சம் தாண்டிய தண்ணீரில் துணி துவைக்கலாம், குளிக்கலாம். கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தால் குளிப்பதையும் நிறுத்துங்கள். தோல் வெடிப்பு, ஆறாத புண் இருக்கிறவர்களைத் தொடவிடாதீர்கள். ஆடு மாடுகளுக்கும் வைக்காதீர்கள்.
4. தோலில் புண், நெடுநாள் வயிற்றுக் கோளாறு இருந்தால் ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அறிக்கையோடு போய்க் காட்டுங்கள். உடம்பிலிருந்து உலோகத்தை ‘இறக்கும்’ பொடி, லேகியம், ஊசி எதையும் நீங்களாக எடுக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

*கொதிக்க வைப்பது.* கிருமிக்கு அருமருந்து, குரோமியத்துக்கு எதிர்விளைவு. தண்ணீர் ஆவியாகப் போகும், குரோமியம் மிஞ்சும், செறிவு கூடும்.

*பிளீச்சிங் பவுடர்.* குளோரின் குரோமியம்-6-ஐ அகற்றாது. குரோமியம்-3 இருந்தால் அதையும் மெதுவாக ஆறாக மாற்றக்கூடும்.

*தேத்தாங்கொட்டை, படிகாரம், செம்புக் குடம்.* முதல் இரண்டும் கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்திருக்கும் குரோமியம்-6-இடம் மூன்றும் தோற்கும்.

*வீட்டுக் கடினநீர் மென்மையாக்கி.* சோப்பு நுரைக்கவில்லை என்று பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் நிறைய வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள பிசின் கால்சியம், மெக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகளைத்தான் பிடிக்கும். குரோமேட் எதிர்மின் அயனி. அது பாட்டுக்குக் கடந்து போகும்.

*வீட்டில் ரசாயனம் சேர்த்துப் பிரிப்பது.* இரும்பு சல்பேட் போட்டால் ஆறு மூன்றாக மாறும் என்பது உண்மை. பெரிய நிலையங்களில் அளந்து, கலக்கி, வடிகட்டி, கசடைப் பத்திரமாக அகற்றிச் செய்கிறார்கள். பக்கெட்டில் செய்யும் வேலை அல்ல.

படி 7: இயந்திரம் வாங்கத்தான் வேண்டும் என்றால்

மாற்று நீர் இருக்கும்வரை அதுவே முதல் தேர்வு. சோதித்துச் சரியென்று வந்த ஆற்றுத் தண்ணீர்க் குழாய், கூரையில் பிடித்த மழைநீர் இரண்டும் இயந்திரத்தைவிட மேல். மழைநீருக்கு இரண்டு நிபந்தனைகள்: முதல் மழையை வெளியே விடுங்கள், மஞ்சள் துருத்தடுப்புப் பூச்சு அடித்த பழைய இரும்புத் தகட்டுக் கூரையிலிருந்து பிடிக்காதீர்கள். அந்தப் பூச்சு சிங்க் குரோமேட்டாக இருக்கலாம். இன்னொன்று: வரைபடத்தில் சிவப்புப் புள்ளிக்கு அருகே உங்கள் மனை இருந்தால், மழைநீரைத் தொட்டியில் சேமியுங்கள், உறிஞ்சுகுழி வெட்டி மாசுபட்ட மண் வழியாகக் கீழே இறக்குவதற்கு முன் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

அதுவும் முடியாது என்றால் சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றுதான் வீட்டுக்கு நடைமுறையில் சரிவரும். புற ஊதா விளக்கு குரோமியத்தைத் தொடாது. கரி வடிகட்டியை மட்டும் நம்ப முடியாது. ஆர்.ஓ. வாங்கும்போது:

1. ‘சுவைக்கு’ என்று வைத்திருக்கும் டி.டி.எஸ். திருகு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பல மாடல்களில் அது பச்சைத் தண்ணீரில் ஒரு பங்கைச் சவ்வைத் தாண்டாமல் சுத்த நீரோடு கலக்கும் வழி. குரோமியமும் அதன் வழியே வந்து சேரும். முழுதும் மூடச் சொல்லுங்கள். மூட முடியாத மாடலை வாங்காதீர்கள்.
2. பொருத்திய வாரத்தில் உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டின் டி.டி.எஸ்.ஸையும் எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டுங்கள். உள்ளே 900, வெளியே 90 என்றால் சவ்வு நன்றாக இருக்கிறது. சில மாதம் கழித்து வெளியே 250 ஆனால் சவ்வு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். பேனாவுக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும், அதைச் செய்யவிடுங்கள்.
3. சுத்தமான நீரையும் ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்தச் செலவைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.
4. கழிவுக் குழாயில் வருவது செறிவு கூடிய தண்ணீர். முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் விடச் சொல்லும் வழக்கமான யோசனை இங்கே பொருந்தாது. கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

கேன் தண்ணீர்க்காரரிடம் அவருடைய நிலையத்தின் அண்மைய ஆய்வறிக்கையைக் கேளுங்கள். கனஉலோகங்கள் அதில் இருக்க வேண்டும். காட்டத் தயங்குகிறவரை மாற்றுங்கள்.

படி 8: தெருவைக் கூட்டுங்கள்

ஒரு போர் கெட்டிருந்தால் பக்கத்துப் போரும் சந்தேகத்துக்குரியது. மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் மாதிரி எடுத்து அனுப்பினால் போக்குவரத்துச் செலவு பிரியும், மாசு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் வரைபடத்தில் தெரியும். வாடகை வீட்டுக்காரர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட மறக்காதீர்கள். பொது அடிபம்பில் வரம்பு மீறியிருந்தால், மாநகராட்சி வந்து மூடும்வரை காத்திருக்காமல் ‘குடிக்க வேண்டாம்’ என்று எழுதித் தொங்கவிடுங்கள். ஆர்செனிக் கிணறுகளுக்கு வங்கதேசத்தில் செய்ததுபோல் சிவப்பு வண்ணம் அடித்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

பிறகு மனு. பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இடத்துக்குக் கொடுங்கள்: மாநகராட்சி ஆணையர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவில் கோபம் வேண்டாம். ஆய்வறிக்கை நகல், வரைபடம், ‘எங்கள் முன்னிலையில் அரசே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்’ என்ற ஒற்றைக் கோரிக்கை போதும். எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது ‘தனியார் ஆய்வக அறிக்கையை ஏற்கமாட்டோம்’ என்பதுதான். அதற்கான பதிலைக் கோரிக்கையாகவே வைத்துவிடுகிறீர்கள். சந்தேகப்படும் பட்டறையின் பெயரை மனுவில் குற்றவாளியாக எழுதாதீர்கள். எங்கே இருக்கிறது, என்ன வேலை நடக்கிறது என்பதை மட்டும் வரைபடத்தில் காட்டுங்கள்.

ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள் போதும். ‘எங்கள் தண்ணீர் நல்லதா?’ என்று கேட்டால் ‘நல்லது’ என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்:

1. கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் வார்டில் எடுத்த குடிநீர் மாதிரிகளின் தேதி, இடம், மொத்தக் குரோமிய அளவு. ஒவ்வொரு ஆய்வறிக்கையின் நகல்.
2. சோதனை முறை, கண்டறியும் மிகக் குறைந்த அளவு.
3. (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தனி மனுவாக) இந்தப் பகுதியில் முலாம் பூசும் தொழிலுக்கு இசைவாணை பெற்ற நிலையங்களின் பட்டியல், அவற்றின் கழிவுநீர் ஆய்வறிக்கைகள்.

பதில் தர 30 நாள். வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஆய்வறிக்கையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.